தூங்குற யானை பீம ரதம்

ஆசிரியர்னா எழுதிருக்கா? என்னையவா? எங்க, அந்தக் காகிதத்தக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க ஏட்டையா, நான் என் கண்ணால பாத்துக்கிறேன். மாரீஸ்வரி, கணவர் பெயர் சரவணப்பெருமாள், செல்போன் கடை, அருப்புக்கோட்டை. சரி, அது நான்தான். விண்ணப்பதாரருக்கு இவரை எவ்வாறு தெரியும்? ஆசிரியர். அடிப்பாவி, நெசமாவே ஆசிரியர்னுதான் எழுதிருக்கா.

உக்காருங்க. அந்த பிளாஸ்டிக் சேர் வேண்டாம், ஒரு கால் ஆட்டம், இந்தக் கட்டில்லயே உக்காருங்க. டீ அடுப்புல ஏத்திட்டேன், குடிச்சிட்டுத்தான் போகணும். நடத்தை விசாரணைன்னு வந்து நீங்க என்னமோ ஒரு வார்த்தையில கேக்குறீங்க, கோயில் செயல் அலுவலர் வேலைக்குத் தேர்வான நாகஜோதிக்கு நீங்க ஆசிரியரா, ஆமாவா இல்லையான்னு. அது ஒரு வார்த்தையில முடியிற சமாச்சாரம் இல்ல. ஆமா, நான் இல்லன்னு சொன்னா என்ன ஆகும்? கீழ பொடி எழுத்துல போட்டிருக்கே, பொய்யான தகவல் குடுத்தா நியமனம் ரத்துன்னு. இந்தப் பொடி எழுத்தையெல்லாம் வருசக்கணக்கா படிச்சவ ஏட்டையா நான். நான் அவளுக்கு டீச்சர் இல்லன்னு சொன்னா அவ எழுதினது பொய். பொய்னா நீங்க அத மேல எழுதி அனுப்பணும். அனுப்பினா அவ ஆர்டர் நிக்கும். அப்படித்தானே?

தலைய ஆட்டுறீங்க. போதும்.

அப்ப அவ வேல இப்ப என் நாக்குல கெடக்கு. எத்தனை நாளா வேண்டியிருப்பேன் தெரியுமா, இப்படி ஒரு நேரம் வரணும்னு. அது வீடு தேடி, அதுவும் போலீஸ் பைக்ல வரும்னு நான் கனவா கண்டேன். அவளே என் பேர எழுதி அனுப்பிருக்கா பாருங்க. இந்த ஊர்ல அவளுக்கு வேற ஆளா இல்ல? வார்டு கவுன்சிலர் பேர எழுதலாம், படிச்ச காலேஜ்ல எவரு பேரையாச்சும் எழுதலாம். என் பேர எழுதிருக்கா. திமிரு. வேற என்ன?

மொதல்ல இருந்து சொல்றேன், நீங்களே ஞாயத்தச் சொல்லுங்க.

நம்ம லைப்ரரி மாடியில ஒரு ஹால் இருக்குல்ல, அங்கதான் நாங்க படிப்போம். அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிற அம்புட்டுப் பேரும் அங்கதான். கதவு தொறக்குறதுக்கு முன்னாடியே படிக்கட்டுல பையை வரிசையா வெச்சிருவோம். ஆளு டீ குடிக்கப் போயிருக்கும், பை வரிசையில நிக்கும். அதுல நாங்க நாலஞ்சு பேரு ஒரு குரூப்பு. கோயில் செயல் அலுவலர் பரீட்சைக்கு. ஆரம்பிச்சது நான். ஆளுக்கு ஒரு பாடம் எடுத்துப் படிச்சிட்டு வந்து மத்தவங்களுக்குச் சொல்லணும், அதான் எங்க ஏற்பாடு. மொத்த பாடத்தையும் ஒரே ஆளு படிக்கணும்னா மண்டை வெடிச்சிரும். எனக்கு வீட்டு வேல வேற. காலையில சோத்தப் பொங்கி, மகள ஸ்கூலுக்கு அனுப்பி, கடைக்கு ஆள அனுப்பிட்டு ஓடணும். அப்படி ஓடி ஓடிப் படிச்சவ நான். சன்னலோரமா, ஃபேனுக்கு நேரா ஒரு எடம் உண்டு, அது என் எடம். எல்லாருக்கும் தெரியும். நான் லேட்டா போனாலும் அதுல ஒருத்தரும் உக்கார மாட்டாங்க.

வந்த மொத நாளு அதுல வந்து உக்காந்தா ஏட்டையா இந்த நாகஜோதி.

பந்தல்குடியில இருந்து பஸ்ஸுல வருவா. அப்பா கெடையாது, அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போறாங்க. அதுக்காக அடுத்தவ எடத்துல உக்காரலாமா? நான் போயி முன்னாடி நின்னேன். “ஐயோ, சாரிக்கா, உங்க எடமா”ன்னு எந்திரிச்சுப் போயிட்டா. எந்திரிச்சா என்ன, உக்காந்தது உக்காந்ததுதானே. அன்னைக்கே நான் புரிஞ்சுக்கிட்டேன், இவ எதுக்கு வந்திருக்கான்னு.

இதையெல்லாம் நீங்க எழுதிக்கலையா? பேனாவத் தொறங்க. சரி, இது சின்ன விசயம், விடுங்க. அடுத்தது கேளுங்க.

ஒரு நாளு நான் பல்லவர் பாடம் எடுக்கிறேன். எல்லாரும் நோட்டுல எழுதிக்கிட்டு இருக்காங்க. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலக் கட்டினது மகேந்திரவர்மன்னு வாய் தவறி வந்திருச்சு. வாய் தவறித்தான். எனக்குத் தெரியாதா, அது ராஜசிம்மன்னு? மெல்ல, ரொம்ப மெல்லமா, “ராஜசிம்மன்தானேக்கா?”ங்குறா. சத்தமா சொல்லிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். என்னமோ நான் மனசு ஒடைஞ்சு போயிருவேன்னு மெல்லச் சொல்றா. எங்க குரூப்புல சோலைராஜ்னு ஒரு பய, என்னைய அக்கா அக்கான்னு காலச் சுத்தி வர்றவன், அவன் சிரிச்சிட்டான். அவன் சிரிச்சதும் எல்லாரும் சிரிச்சாங்க. அவ மட்டும் சிரிக்கல. சிரிக்காம குனிஞ்சுக்கிட்டா. அது என்ன நடிப்பு?

அப்புறம் ஒரு மாதிரித் தேர்வு வெச்சோம். அவதான் மொத. நான் ரெண்டாவது. பேக்கரியில இருந்து எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிட்டு வந்தா. எனக்குக் குடுக்கும்போது எல்லாரு முன்னாடியும் சொல்றா, “அக்கா வீட்டு வேலையெல்லாம் பாத்துக்கிட்டு இவ்வளவு மார்க் எடுக்குறாங்க. எனக்கு அந்த மாதிரி குடும்பம் இருந்திருந்தா நான் பாதிகூட எடுத்திருக்க மாட்டேன். நெசத்துல அக்காதான் மொத”ன்னு. கேட்டீங்களா? என்னைய வீட்டு வேலைக்காரின்னு சொல்லாமச் சொல்றா. அந்த பப்ஸ வாங்கி அப்படியே பையில போட்டுட்டேன்.

இதையும் எழுத மாட்டேங்குறீங்க. சரி.

எல்லாத்தையும் விடப் பெரிய கூத்து எங்க வீட்ல நடந்தது. நான் ஒரு நாளு ராத்திரிச் சோறு போட்டுக்கிட்டே அவளப் பத்தி எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னேன், இப்படி இப்படி ஒருத்தி வந்திருக்கா, ரொம்ப ஆடுறான்னு. அந்த மனுசன் சோத்தப் பெசைஞ்சுக்கிட்டே சொல்றாரு, “அவ்வளவு நல்லாப் படிக்கிற பிள்ளைன்னா அதுகிட்ட கேட்டுப் படிக்க வேண்டியதுதானே மாரி. இதோட எத்தனாவது தடவ, இந்தத் தடவையும் வரலைன்னா கடையில வந்து உக்காந்துரு”ன்னு. கட்டின புருசன். தாலி கட்டி ஒரு பிள்ளையப் பெத்துக் குடுத்தவளப் பாத்து, பந்தல்குடிக்காரிகிட்ட கேட்டுப் படின்னு சொல்றாரு. அன்னைக்கு முடிவு பண்ணினேன் ஏட்டையா. நான் பாஸ் பண்றது அப்புறம், மொதல்ல அவ பாஸ் பண்ணக் கூடாது.

டீ ஆறுது, குடிங்க. சக்கரை பத்தலைன்னா சொல்லுங்க.

மறுநாளே போயிச் சொன்னேன், கோயில் கட்டடக்கலையப் பூராவும் நான் எடுத்துக்கிறேன்னு. எல்லாருக்கும் சந்தோசம். ஏன்னா அது ஒரு கொடுமையான பாடம். வாயில நுழையாத பேரா இருக்கும். ஒரு வாரம் வீட்ல ரசமும் அப்பளமும்தான், நான் உக்காந்து படிச்சேன். இந்தப் பாடத்துல என்னைய அடிக்க இந்த ஜில்லாவுல ஆளு கெடையாது, அத இப்பவும் சொல்லுவேன். நீங்க கொஞ்சம் நிமிந்து உக்காருங்க, உங்கள வெச்சே விமானத்தச் சொல்றேன். கருவறைக்கு மேல கோபுரம் மாதிரி இருக்குல்ல, அடியில இருந்து உச்சி வரைக்கும் சேத்து அதுக்கு விமானம்னு பேரு. உங்க பாதம் இருக்கே, அது அதிஷ்டானம். உடம்பு, அதான் சுவரு. தோள்பட்ட பிரஸ்தரம். கழுத்து கிரீவம். தல சிகரம். உச்சியில குடுமி இருந்தா அது ஸ்தூபி, கலசம் நிக்கிற எடம். சிகரம் சதுரமா இருந்தா நாகரம், எட்டுப் பட்டையா இருந்தா திராவிடம், உருண்டையா இருந்தா வேசரம். உங்களுது வேசரம். கோவிச்சுக்காதீங்க, படிக்கிற புள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லுவேன், ஒரு தடவ கேட்டா சாகுற வரைக்கும் மறக்காது.

அதான் என் கெட்டிக்காரத்தனம். மறக்காத மாதிரிச் சொல்றது. அந்தக் கெட்டிக்காரத்தனத்த வெச்சுத்தான் அவளுக்கு வெட்டினேன் குழி.

பூராவையும் தப்பாச் சொன்னா அவ கண்டுபிடிச்சிருவா. அதனால எல்லாத்தையும் சரியாச் சொன்னேன். தஞ்சாவூரு சரி, கங்கைகொண்ட சோழபுரம் சரி, கஜுராஹோ சரி, கோனார்க் சரி, எதுலயும் கை வைக்கல. ஒண்ணே ஒண்ணுல மட்டும். மாமல்லபுரத்துல ஒத்தைக் கல்லுல செதுக்கின ரதம் இருக்குல்ல, பஞ்ச பாண்டவர் ரதம்னு. பரீட்சைக்காரனுக்கு அதுல ஒரு ஆசை. தூங்கானை மாடம் எந்த ரதம்னு கேப்பான். தூங்கானை மாடம்னா, பின்பக்கம் வளைஞ்சு, படுத்திருக்கிற யானையோட முதுகு மாதிரி இருக்கிற கட்டடம். அது நகுல சகதேவ ரதம். பீம ரதம் அப்படி இல்ல, அது நீளமா, கூண்டு வண்டிக் கூரை மாதிரி. இதான் உண்ம. நான் மாத்திட்டேன்.

எப்படி மாத்தினேன்னு கேளுங்க. எங்க ஆளுக எதையும் அப்படியே படிக்க மாட்டோம், எல்லாத்துக்கும் ஒரு ஷார்ட்கட் வேணும். ஷார்ட்கட் நல்லா இருந்துச்சுன்னா அது சரியா தப்பான்னு ஒருத்தனும் புத்தகத்தத் தொறந்து பாக்க மாட்டான். நான் சொன்னேன், “அஞ்சு பேருல பெரிய உடம்பு யாருக்கு? பீமனுக்கு. மிருகத்துல பெரிய உடம்பு எதுக்கு? யானைக்கு. தின்னுட்டுத் தூங்குறது யாரு? பீமன். அம்புட்டுத்தான், தூங்குற யானை பீம ரதம்.” சொல்லி முடிக்கல, சோலைராஜ் மேசையத் தட்டிட்டான். “அக்கா, இது செத்தாலும் மறக்காதுக்கா”ன்னான். அவ என்ன பண்ணினா தெரியுமா? அழகா, கோடு போட்டு, செவப்பு மையில எழுதிக்கிட்டா. எழுதிட்டு என்னையப் பாத்துச் சிரிச்சா. எனக்கு வயித்துல பாலு வார்த்த மாதிரி இருந்துச்சு.

மத்த புள்ளைகளும் சேந்துதானே கெட்டுப் போகும்னு கேக்குறீங்க. கேப்பீங்க, போலீசுல்ல. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? அவள மட்டும் தனியாக் கூப்பிட்டா சொல்லிக் குடுக்க முடியும்? ஒரு கேள்வி போனா சோலைராஜ் செத்தா போயிருவான்.

அதுக்கப்புறம் தெனமும் எனக்குத் தீவாளிதான். சோலைராஜ் அதுக்கு ஒரு மெட்டுப் போட்டான். படிக்கட்டுல பை வெக்கிறப்பப் பாடுவான், டீக்கடையில பாடுவான். தூங்குற யானை பீம ரதம், தூங்குற யானை பீம ரதம். நான் வீட்ல பாத்திரம் வெளக்குறப்ப முணுமுணுத்து, எம்மகளுக்கு ஒட்டிக்கிருச்சு. அது பல்லு வெளக்கிக்கிட்டே பாடும். எங்க வீட்டுக்காரருக்கு ரதமும் தெரியாது ஒண்ணும் தெரியாது, கடையில போனுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டே பாடுவாரு. நான் தெனமும் ஹால்ல போயி உக்காந்ததும் மொத வேலையா அவகிட்டத்தான் கேப்பேன். “நாகஜோதி, தூங்கானை மாடம் எது?” “பீம ரதம்க்கா.” “இன்னொருக்கச் சொல்லு.” “பீம ரதம்க்கா.” “எங்க, எல்லாரும் சேந்து சொல்லுங்க.” நானும் சேந்து சொல்லுவேன். என் வாழ்க்கையில அவ்வளவு நிம்மதியா நான் எந்த நாளும் இருந்தது இல்ல.

பரீட்சைக்கு நாளு நெருங்கிருச்சு. செங்கல்பட்டுப் பக்கம் அவ சித்தி மகளுக்குக் கல்யாணம்னு போனா. படிக்கிறத விட்டுட்டு எவளாச்சும் கல்யாணத்துக்குப் போவாளா? போனா. போனவ கல்யாணச் சாப்பாட்டச் சாப்பிட்டுத் திரும்பி வர வேண்டியதுதானே? பஸ் ஏறி மாமல்லபுரம் போயிருக்கா. அக்கா சொல்லிக் குடுத்தத நேர்ல பாக்கணும்னு ஆசையா இருந்துச்சாம். நான் அடுப்புல கொழம்பக் கூட்டி வெச்சிருக்கேன், போன் வருது. “அக்கா, அஞ்சு ரதத்து முன்னாடிதான்க்கா நிக்கிறேன்”ங்குறா.

அங்க ஒரு யானை நிக்குதாம் ஏட்டையா. நெசமாவே, கல்லுல, நம்ம உசரத்துக்கு மேல ஒரு யானைய செதுக்கி வெச்சிருக்கான் பல்லவன். எங்க? நகுல சகதேவ ரதத்துக்குப் பக்கத்துலயே. பாரு, இதான் யானை, இதான் யானை மாதிரி கட்டடம்னு அவனே பக்கத்துல நிப்பாட்டி வெச்சிருக்கான். நான் எங்க மாமல்லபுரம் போனேன்? எங்க வீட்டுக்காரரு கல்யாணமான புதுசுல கூட்டிட்டுப் போறேன்னாரு, இன்னைக்கு வரைக்கும் கூட்டிட்டுப் போகல. எனக்கு அந்த யானை நிக்கிறது தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் வேற எதையாச்சும் மாத்திருப்பேன்ல.

“நீங்க படிச்ச புத்தகத்துல தப்பா அச்சடிச்சுட்டாங்க போலக்கா”ங்குறா. “நல்லவேள, பரீட்சைக்கு முன்னாடியே தெரிஞ்சது. நீங்களே எல்லாருக்கும் சொல்லிருங்கக்கா, நான் சொன்னா நல்லா இருக்காது”ங்குறா. கொழம்பு அடிப்பிடிக்குதுன்னு சொல்லி வெச்சிட்டேன்.

நான் ஒருத்தருக்கும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? நான் தப்பாச் சொல்லிட்டேன்னு நானே ஊரைக் கூட்டிச் சொல்லணுமா? அவ ரெண்டு நாளு பொறுத்துப் பாத்தா. நான் வாயத் தொறக்கலைன்னதும் அவளே எல்லாருக்கும் போன் போட்டிருக்கா. எனக்கு எப்படித் தெரியும்னா, சோலைராஜ் கூப்பிட்டான். “அக்கா, ரொம்ப தேங்க்ஸ்க்கா. தூங்கானை மாடம் நகுல சகதேவன்னு நீங்க சரி பண்ணச் சொன்னீங்களாமே, நாகஜோதி சொல்லுச்சு. வேற யாராச்சுமா இருந்தா தப்ப ஒத்துக்குவாங்களா, நீங்க பெரிய மனுசிக்கா”ங்குறான். என் பேரச் சொல்லியே நான் வெட்டின குழிய மூடிட்டா ஏட்டையா. அதுவும் எப்படி, எனக்குப் பெருமை வர்ற மாதிரி. இப்படி ஒரு சூது இந்த வயசுல எங்கிட்டு இருந்து வருது?

பரீட்சை அன்னைக்கு விருதுநகருல எனக்கு சென்டரு. நல்லா எழுதிக்கிட்டு வர்றேன். எல்லாம் தெரிஞ்ச கேள்வி. திருப்பினா அந்தக் கேள்வி நிக்குது. மாமல்லபுரம் ரதங்களுள் தூங்கானை மாட அமைப்பு கொண்டது எது. நாலு விடை. எனக்கு ஒரே சந்தோசம். இதுதானே நான் அவளுக்குப் போட்ட கேள்வின்னு அவளத்தான் நெனைச்சேன். பக்கத்து ரூம்லதான் அவ எழுதுறா. இப்ப அவ என்ன போடுவா, அவதான் யானையப் பாத்துட்டாளே, பாவி, எல்லாம் போச்சேன்னு அவளத் திட்டிக்கிட்டே கையால வட்டத்தக் கருப்பாக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். வெளிய வந்து வாசல்ல நிக்கிறேன், சோலைராஜ் ஓடி வர்றான். “அக்கா, உங்க நகுல சகதேவன் வந்திருச்சு பாத்தீங்களா”ங்குறான். அப்பத்தான் எனக்குத் தெரியும், என் கை எதுல போச்சுன்னு.

பீம ரதம்.

அந்த ராகம் ஏட்டையா. அந்த வீணாப்போன ராகம் காதுக்குள்ளயே ஓடிக்கிட்டு இருந்திருக்கு. எங்க குரூப்புல அந்தக் கேள்விய விட்டது நான் ஒருத்திதான். மத்த எல்லாரும் சரியா போட்டிருக்காங்க. ஒத்தக் கேள்விதானேன்னு நீங்க நெனைப்பீங்க. ஒத்தக் கேள்வியிலதான் எனக்குப் போச்சு. அவ்வளவு நெருக்கத்துல வந்து போச்சு. இப்ப நீங்க சொல்லுங்க, யாரால போச்சு? இவ அந்த ஹாலுக்கு வரலைன்னா நான் எதுக்கு அப்படி ஒரு ஷார்ட்கட் போடப் போறேன்? போடலைன்னா எனக்கு எதுக்கு அது மனசுல தங்கப் போகுது? எல்லாத்துக்கும் மூலம் யாரு? அவதானே.

ரிசல்ட் வந்ததும் வீட்டுக்கு வந்தா. பால்கோவா வாங்கிட்டு வந்தா. இந்தா, நீங்க உக்காந்திருக்கிற இதே கட்டில்ல உக்காந்து என் கையப் புடிச்சிக்கிட்டு அழுறா. “நீங்க இல்லாம நான் மட்டும் போறேனேக்கா”ன்னு அழுறா. ஜெயிச்சவ அழுறா, தோத்தவ நான் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். பாக்குறவங்க யார நல்லவன்னு சொல்லுவாங்க? எங்க வீட்டுக்காரரு அவளுக்குத் தண்ணி மோந்து குடுக்குறாரு. எனக்கு என்னைக்காச்சும் குடுத்திருக்காரா? நான் அந்தப் பால்கோவாவத் தொடல. அப்பனும் மகளும் வழிச்சு நக்கிட்டாங்க. மறுநாள்ல இருந்து நான் லைப்ரரிப் பக்கம் போறதில்ல. மத்தியானம் வரைக்கும் கடையில உக்காந்து ரீசார்ஜ் போட்டுக்கிட்டு இருக்கேன். அவ நேர்முகத் தேர்வையும் தாண்டிட்டா. இப்ப உங்க காகிதம் ஒண்ணுதான் பாக்கி.

அதனால எழுதுங்க. நான் அவளுக்கு ஆசிரியர் இல்ல. எந்த ஸ்கூல்லயும் நான் வேல பாத்ததில்ல. அவ எழுதினது பொய். இல்லைன்னு எழுதுங்க. ம், எழுதுங்க ஏட்டையா, பேனாவக் கையில வெச்சுக்கிட்டு ஏன் என்னையப் பாக்குறீங்க?

இருங்க. இல்லைன்னு எழுதினா அடுத்து என்ன நடக்கும்? அவள ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவீங்களா? ஏன் ஆசிரியர்னு எழுதினேன்னு கேப்பீங்க. அவ என்ன சொல்லுவா? அக்காதான் எனக்குக் கோயில் கட்டடக்கலை சொல்லிக் குடுத்தாங்க, அந்தப் பாடத்துல எனக்கு ஒரு கேள்விகூடத் தப்பாகலைன்னு சொல்லுவா. அத நீங்க எழுதிக்குவீங்க. அப்புறம் நான் சொன்ன கதையச் சொல்லி, அந்தம்மா வேணும்னே உனக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்திச்சாமேன்னு கேப்பீங்க. கேட்டா என்ன சொல்லுவா? இல்ல சார், அது புத்தகத்துல தப்பு, அக்காவுக்குத் தெரியாது, பரீட்சையில வராமப் போன வேதனையில ஏதோ பேசுறாங்கன்னு சொல்லுவா.

தெரியாதும்பா. எனக்கா தெரியாது? அந்த அஞ்சு ரதத்தையும் நான் கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். தெரிஞ்சுதான் சொன்னேன். ஒவ்வொரு நாளும் தெரிஞ்சுதான் சொல்லச் சொன்னேன். இவள ஒழிக்கணும்னே ஒரு வருசமா வாழ்ந்திருக்கேன் ஏட்டையா, சோறு தண்ணி எறங்காம. அந்தக் கழுதைக்கு நான் அவளுக்கு எதிரின்னே தெரியல. ஆசிரியர்னு எழுதி வெச்சிருக்கா. இத விட ஒருத்திய யாரும் அசிங்கப்படுத்த முடியுமா?

ஆமான்னே போடுங்க. ஆமா, ஆசிரியர்தான். நல்ல நடத்தைதான், அதையும் போட்டுக்கோங்க. அவ அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போறத விட்டுட்டு வீட்ல உக்காரட்டும். ஆனா பக்கத்துல ஒரு வரி சேத்து எழுதுங்க, இந்த ஆசிரியர் இவளுக்கு வேணும்னே தப்பாச் சொல்லிக் குடுத்தவன்னு. எழுத எடம் இல்லையா? ஆம், இல்லை, அதுக்கு மட்டும்தான் கட்டமா? சரி, விடுங்க. எங்க கையெழுத்துப் போடணும், இங்கயா?

போட்டுட்டேன். ஒண்ணு மட்டும் பண்ணுங்க ஏட்டையா. அவளப் பாத்தீங்கன்னா நீங்களாச்சும் வாயால சொல்லுங்க, மாரீஸ்வரி உன்னையக் கவுக்கணும்னுதான் அப்படிச் சொல்லிக் குடுத்தாளாம்னு. போலீசு சொன்னா நம்புவாள்ல?

சிரிக்காதீங்க. எனக்கே தெரியும், நம்ப மாட்டா.